முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்
குடுபல்லிப் பக்கத்து அங்கன்வாடியும் அதன் முன்கதையும்

சங்கத்து மலருக்கு வரலாற்றுக் கட்டுரை கேட்டால், கோயிலைப் பற்றியோ கல்வெட்டைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். இம்முறை கல்வெட்டில் இடம் பெறாத ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். மூன்று வயதுப் பிள்ளை அழுதுகொண்டே வாசற்படியில் நிற்கும்போது இடுப்பில் தூக்கி உள்ளே அழைத்துப் போகிறாரே, அந்த டீச்சரம்மா. அவருக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தமிழ், தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, இத்தாலி என்று பல மொழி பேசியவர்கள் கைகொடுத்திருக்கிறார்கள். மொழி எல்லைக்கு வெளியே வாழும் நமக்கு அந்தக் கதை நெருக்கமானது என்பதால் இங்கே சொல்கிறேன்.

என் சொந்த ஊர்ப் பக்கம் குடுபல்லி. ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயில் பாதையில் ஜோலார்பேட்டையைத் தாண்டினால் குப்பம் வரும். அதற்கு அடுத்த நிலையம் குடுபல்லி. அதையும் தாண்டினால் பிசாநத்தம், பிறகு பங்காருப்பேட்டை. எக்ஸ்பிரஸ் வண்டியில் போகிறவர்கள் இந்த ஊரின் பெயர்ப்பலகையைக்கூட வாசித்திருக்க மாட்டார்கள். "எந்த ஊரு சார்?" என்று யாராவது கேட்டால், "குப்பம் பக்கம்" என்று சொல்லி முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

எல்லை நகர்ந்த கதை

எங்கள் பக்கத்தின் மொழி நிலைமையைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. அதன் பெரும்பகுதி அதுவரை வட ஆர்க்காட்டில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதோடு போனது. 1956 நவம்பர் 1-இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. குப்பம் பகுதி ஆந்திரத்திலேயே நின்றது.

இதில் எந்தத் தேதியிலும் எங்கள் ஊர் வீடுகள் ஓர் அடிகூட நகரவில்லை, அடுப்படியில் பேசிய மொழியும் மாறவில்லை. தமிழ் பேசும் வீட்டுக்குப் பக்கத்தில் தெலுங்கு வீடு, அதற்கடுத்து கன்னடம் கலந்து பேசும் வீடு. நாங்கள் களி என்போம், அவர்கள் சங்கடி என்பார்கள், கர்நாடகப் பக்கம் போனால் முத்தே. பானையும் துடுப்பும் ராகி மாவும் ஒன்றுதான். பெரியவர்களுக்கு இது சிக்கலே இல்லை, சந்தையில் மூன்று மொழியிலும் பேரம் பேசிவிடுவார்கள். சிக்கல் யாருக்கு என்றால், வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே காலெடுத்து வைக்கும் பிள்ளைக்குத்தான்.

ஐந்து வயதுக்கு முன்னால்

நம் பழைய கல்வி முறையில் இந்தச் சின்னப் பிள்ளைக்கு இடமே இல்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல், உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி எல்லா கலெக்டர்களுக்கும் உத்தரவிட்டார். 1826-இல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை அவற்றுள் விரிவானது. அங்கே பிள்ளையின் படிப்பு பொதுவாக ஐந்து வயதில் தொடங்கும் என்று அவர் குறித்திருக்கிறார். 533 பள்ளிகளில் 6,641 மாணவர், அவர்களுள் பெண்கள் 60 பேர் மட்டுமே. அந்த 533 பள்ளிகளுள் நான்கில் தமிழ் கற்பிக்கப்பட்டது என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி. கன்னடமும் தெலுங்கும் வழங்கிய ஊரில், இருநூறு ஆண்டுக்கு முன்பே நாலு தமிழ்ப் பள்ளிக்கூடம்!

ஐந்து வயதுக்கு முன்னால் பிள்ளை யார் பொறுப்பு? பாட்டியின் பொறுப்பு. கூட்டுக் குடும்பம், திண்ணை, முற்றம், கதை, தாலாட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து மழலையர் பள்ளி. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் பாட்டி வீட்டில் இருக்க வேண்டும், தாயும் கூப்பிடு தூரத்தில் வேலை செய்ய வேண்டும். மக்கள் பிழைப்புக்கு வெளியூர் போகத் தொடங்கிய அன்றே அது ஆட்டம் கண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் "பிள்ளை மடுவம்" என்றும், மலாயா ரப்பர் தோட்டத்தில் "ஆயாக் கொட்டகை" என்றும் ஓர் இடம் ஏற்பட்டதற்குக் காரணம் இதுதான். தாய் கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ போகும்போது, வயதான ஒரு பெண் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்வார். பிள்ளை பத்திரமாக இருந்தது. அங்கே பிள்ளைக்குக் கற்பிக்கவும் வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

அடையாற்றுக் கீற்றுக் கொட்டகை

அந்த நினைப்பு உலகத்தில் வலுப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரத்தில், உழைப்பாளிகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவர் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவரைக் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. நம் தோட்டத்துக் கொட்டகைக்கும் அதற்கும் பிறந்த காரணம் ஒன்றே.

1939-இல், எழுபதை நெருங்கும் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில மாதம் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரை எதிரி நாட்டவராகக் கருதிக் கட்டுப்பாடு விதித்தது. மகன் மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளன்று, 1940 ஆகஸ்ட் 31-இல், மகனை விடுவித்தார்கள். போர் முடிந்து 1946-இல்தான் அவர் ஐரோப்பா திரும்ப முடிந்தது. இடையில் அடையாற்றுக் கீற்றுக் கொட்டகையிலும் கொடைக்கானலிலும் அவர் நடத்திய வகுப்புகளாலும், பின்னர் மறுபடியும் வந்து நடத்திய வகுப்புகளாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். போர் கொண்டுவந்த கட்டாயத்தில் நமக்குக் கிடைத்த நன்மை இது.

ஆனால் அந்த முறை பெரும்பாலும் நகரத்தில், கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது. மெருகேற்றிய மரச்சாமான்கள், தனிக் கட்டடம், பயிற்சி பெற்ற ஆசிரியை என்றால் செலவு பிடிக்கும் அல்லவா? கிராமத்துப் பிள்ளைக்கு அதைக் கொண்டுபோனவர்கள் வேறு சிலர்.

பள்ளி முற்றத்துக்கு வந்தது

குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் கிஜுபாய் பதேகா குழந்தைகள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வழக்கறிஞராக இருந்தவர், தன் மகனை வளர்க்கப் புத்தகம் தேடிப்போய், கடைசியில் ஆசிரியராகவே மாறிவிட்டார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பால்வாடி நடத்தத் தொடங்கினார். பதின்மூன்று வயதிலேயே கணவனை இழந்து, பின்னர் படித்து ஆசிரியையான அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். 1957-இல் இருவரும் கோஸ்பாடு என்ற பழங்குடிப் பகுதிக்குப் போனார்கள்.

வார்லி இனத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. "நீங்க வரலேன்னா நாங்க வரோம்" என்கிற கதையாக, அம்மையார்கள் பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே போய்விட்டார்கள். விலையுயர்ந்த சாமான்கள் கிடையாது. கூழாங்கல், விதை, இலை, களிமண், சிப்பி இவைதான் பாடக்கருவி. தலைவாரிக் குளிப்பாட்டிய பிறகுதான் பாடம். முற்றத்துக்கு வடநாட்டு மொழிகளில் ஆங்கன் என்று பெயர். "அங்கன்வாடி" என்ற சொல் இப்படித்தான் பிறந்தது. இன்று நம் ஊர்ப் பாட்டிமார்கூட வாய் நிறையச் சொல்லும் அந்தச் சொல்லுக்குள், ஆசிரியை பிள்ளையின் வீட்டைத் தேடிப் போன செயல் ஒளிந்திருக்கிறது.

முற்றத்தில் பாடம் நடந்ததால் இன்னொன்றும் நடந்தது. சமைத்துக்கொண்டே தாய் பார்த்தாள், கயிறு திரித்துக்கொண்டே தாத்தா கேட்டார். பிள்ளையை எப்படிப் பேச வைப்பது, எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். பெற்றோருக்கும் ஆசிரியையாக இருப்பது என்றால் இதுதான்.

சென்னையில் ஒரு தெலுங்குச் சங்கம்

நம்மைப் போன்ற புலம்பெயர் சங்கத்தார் மறக்கக்கூடாத பெயர் துர்காபாய் தேஷ்முக். ராஜமகேந்திரத்தில் 1909-இல் பிறந்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். 1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். தமிழ் வழங்கிய நகரத்தில் வாழ்ந்த தெலுங்குப் பெண்களுக்கு வகுப்பு எடுத்து, தேர்வு எழுத வைப்பதில் தொடங்கிய சங்கம் அது. பிறகு பள்ளி, மருத்துவமனை, பயிற்சிக் கூடம் என்று வளர்ந்து எல்லா மொழிக்காரருக்கும் பயன்பட்டது. வெளியூரில் தன் மொழிக்காரரைச் சேர்த்து அமைத்த சங்கம், பொங்கல் விழா, உகாதி விழா நடத்துவதோடு நில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

1953-இல் மத்திய சமூக நல வாரியம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. நாட்டின் பல கிராமங்களில் பால்வாடிகள் பரவியதில் அந்த வாரியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அங்கன்வாடியைப் "பாலவாடி" என்று சொல்வதைக் கேட்கலாம். அந்தப் பழைய பெயரின் எச்சம் அது.

1975 அக்டோபர் 2

சிறு குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழு 1972-இல் அறிக்கை தந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் மீனா சுவாமிநாதன். கிருத்திகா என்ற பெயரில் எழுதிய தமிழ் எழுத்தாளரின் மகள், வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவியார். டெல்லியில் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1969-இல் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகப் பணியோடும் தொடர்புள்ளவர். 2022-இல் சென்னையில் காலமானார். பிள்ளைக்கு உணவு, மருத்துவம், விளையாட்டு வழிக் கல்வி மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

அதன் வழியில், 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அன்று 4,891 அங்கன்வாடிகள். இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம். ஆந்திரத்தில் மட்டும் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேல். இந்தப் பெருக்கத்துக்கு உச்ச நீதிமன்றமும் ஒரு காரணம். உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பரிலும் 2006 டிசம்பரிலும் அது இட்ட ஆணைகள், எந்தக் குடியிருப்பும் விடுபடக்கூடாது என்று அரசுகளை நெருக்கின.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக இன்னொரு முயற்சி நடந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட நாட்களுக்குச் சத்துருண்டை. கூடவே தாய்க்கு ஆலோசனை. இந்த ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தும் தன் பிள்ளையை நல்லபடி வளர்த்தவராக இருந்தால் அவருக்கு முன்னுரிமை! "உன்னால முடிஞ்சது என்னாலயும் முடியும்" என்று பக்கத்து வீட்டுக்காரி நம்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்கியது.

கண்ணு, செவி, காலு, தல

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கோலார் தங்கவயல் ஒரு காலத்தில் இங்கிருந்தெல்லாம் ஆளை இழுத்தது. 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று இழுப்பது பெங்களூரு. விடியற்காலை ரயிலைப் பிடித்துக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் குப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் ஏராளம். பிள்ளை தூங்கும்போது போய், தூங்கிய பிறகு வரும் பெற்றோர்கள் உண்டு. நடுவிலிருக்கும் பகல் பாட்டிக்கும் அங்கன்வாடிக்கும் உரியது.

குப்பத்துக் கங்கம்மா ஜாத்திரைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, உறவினர் வீட்டுப் பிள்ளையை விட்டுவர அங்கன்வாடிக்குக் கூடப் போனேன். ஒற்றை அறை, சுவரில் காய்கறிப் படங்கள், மூலையில் எடைக் கருவி, அடுப்படியில் ஆயம்மா முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவின் தாய்மொழி தெலுங்கு. தமிழும் நன்றாகவே பேசினார், எங்கள் பக்கத்துத் தமிழ். அந்த நேரத்தில் ஒரு பாட்டி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கவலையோடு வந்தார். "ஒரு மாசமா வருது, வாயே தொறக்கலையாம். புள்ளைக்கு ஏதாவது கொறையாம்மா?"

"வீட்ல பேசுதா பாட்டி?"

"வீட்லயா? வாய் ஓயாது!"

"அப்புறம் என்ன? பேச்சு இருக்கு. எங்க பாஷைதான் அதுக்கு இன்னும் வரல. வரும். நீங்க வீட்ல நம்ம பாஷையிலயே நெறைய கதை சொல்லுங்க, நிறுத்திடாதீங்க."

"நம்ம பாஷை" என்று அந்தத் தெலுங்கு அம்மாள் தமிழைச் சொன்னதை நான் கவனித்தேன்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்தேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து உடலுறுப்புகளைத் தொட்டுக் காட்டிப் பாடச் சொன்னார். கண்ணு, செவி, காலு, தல. இந்த நான்கும் தெலுங்குதான். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு எது புரியாமல் போகும்? முக்கு என்றால் மூக்கு, பாலு என்றால் பால், அம்மா என்றால் அம்மாவேதான். வாய்க்கு நோரு, கைக்குச் செய்யி என்ற மாறுபட்ட சொற்களை அவர் கடைசியில்தான் சேர்த்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப் போவது என்று கல்வி நூல்களில் படிக்கிறோமே, அதை அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்தபடி செய்துகொண்டிருந்தார். இரண்டு மொழிக்கும் பொதுவாக உள்ள சொற்கள் அந்தப் பிள்ளைக்கு ஏணிப்படியாக உதவின. ஒப்பியல் திராவிட மொழியியலுக்கு என்றே குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் பாடம் பக்கத்திலேயே பாலவாடியிலும் நடக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு பிள்ளை பேசாமல் இருப்பதைக் குறை என்று முத்திரை குத்திவிட்டால், அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். அது புது மொழியைக் கேட்டுச் சேமிக்கும் காலம் என்று புரிந்தவர், பாட்டியின் பயத்தைப் போக்கி, பிள்ளைக்கும் அவகாசம் கொடுக்கிறார். தாய்மொழியே கல்விக்குச் சிறந்த தொடக்கம் என்று யுனெஸ்கோ வல்லுநர் அறிக்கை சொன்னது 1953-இல். ஆந்திர மாநிலம் பிறந்த அதே ஆண்டு. நம் அரசியல் சட்டத்திலும் 1956-இல் 350-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. ஆனால் அதில் தொடக்கக் கல்வி என்றுதான் இருக்கிறது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேச்சில்லை. அந்த இடைவெளியைச் சட்டம் நிரப்பாததால், இரண்டு மொழி தெரிந்த ஓர் ஆசிரியையின் நல்ல மனம் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

பலன் உண்டா?

"பாட்டும் கூத்தும்தானே, இதுல என்ன படிப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக மூன்று செய்திகள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில், 1962 முதல் 1967 வரை 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சுமார் பாதிப் பேருக்கு மழலையர் கல்வி, மற்றவர்களுக்கு இல்லை. ஆசிரியை வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் சந்தித்தார். நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள், மழலையர் கல்வி பெற்றவர்களில் நூற்றுக்கு அறுபது, பெறாதவர்களில் நாற்பது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டு போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தாராபாய் அம்மையார் முற்றத்தில் செய்ததும் இதே வேலைதான்.

மூன்றாவது நம் தமிழ்நாட்டுச் செய்தி. 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மழலையர் கல்விக்கு என்றே கூடுதலாக ஒருவரை அரைநாள் வேலைக்கு அமர்த்திப் பார்த்தார்கள். பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்காயிற்று. பிள்ளைகளின் மொழியறிவும் கணக்கறிவும் கூடின. பழைய பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததால், பிள்ளைகளின் ஊட்டக்குறைவும் குறைந்தது. 2021-இல் வெளிவந்த இந்த ஆய்வின் பாடம் எளிது. குறை ஆசிரியையிடம் இல்லை, அவர் தலையில் ஏற்றிய சுமையில் இருக்கிறது. எடை போட வேண்டும், தடுப்பூசிக்கு நினைவூட்ட வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். மீதி நேரத்தில்தான் பாடம்.

ஊழியர் இல்லையாம், தொண்டராம்

இத்தனையும் செய்பவரை அரசு ஊழியர் என்று சொல்வதில்லை. மதிப்பூதியம் பெறும் தொண்டர் என்பதே தொடக்க நாளிலிருந்து அவருக்கு வைத்த பெயர். ஆந்திரத்தில் அந்தத் தொகை 2019-இல் மாதம் 11,500 ரூபாயாக உயர்ந்தது. ஆயம்மாவுக்கு 7,000. கூடுதல் ஊதியமும் பணிக்கொடையும் கேட்டு 2023 டிசம்பர் 12-ஆம் நாள் மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. இடையில் அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை அவர்கள்மீது ஏவினார்கள். 42 நாள் நீடித்து 2024 ஜனவரியில் முடிந்தது. பணிக்கொடை பெற இவர்களுக்கு உரிமை உண்டு என்று குஜராத் வழக்கொன்றில் 2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது. வேலையை நிறுத்தினால் அத்தியாவசியப் பணி, ஊதியம் கேட்டால் தொண்டு. இந்த முரண்பாட்டை நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு வேர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது 1950-இல் வந்த 45-ஆம் பிரிவு. அதில் ஆறு வயதுக்குக் கீழே என்று தனியாகப் பிரித்திருக்கவில்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரை அடிப்படை உரிமை ஆனது. ஆறு வயதுக்குக் கீழே அரசு "முயலும்" என்ற அளவில் நின்றுவிட்டது. சின்னப் பிள்ளையின் கல்வி உரிமை என்று எழுதப்படாதவரை, அதைக் கொடுப்பவரின் வேலையும் வேலையாக எழுதப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் வீட்டுக்கு வருவோம்

வாசக அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் வீட்டுப் பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போவதில்லை. வண்ண வண்ணச் சுவர்களும் வாகன வசதியும் உள்ள மழலையர் பள்ளிக்குப் போகிறார்கள். என் பேரனைச் சேர்த்த அப்படிப்பட்ட ஒரு பள்ளியில், "பையன் சீக்கிரம் பேசணும்னா வீட்ல தமிழைக் குறைச்சுக்குங்க" என்று அறிவுரை சொன்னார்கள். என் மருமகள் ஒரு வாரம் பிள்ளையோடு பேசவே தயங்கினாள். எந்த மொழியில் கொஞ்சுவது என்று தெரியாமல் ஒரு தாய் வாயடைத்துப் போவதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்கிறது? மாதம் பல ஆயிரம் வாங்கும் இடத்தில் கிடைக்காத தெளிவு, குடுபல்லிப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவிடம் இருந்தது. "வீட்ல நம்ம பாஷையிலயே கதை சொல்லுங்க, நிறுத்திடாதீங்க" என்ற அவருடைய சொல்லை மருமகளிடம் சொன்னேன். வீட்டில் பேச்சு மறுபடி கலகலப்பானது.

சங்கத்து அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு அ, ஆ எழுதத் தெரிந்த வயதில்தான் தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாதம் இரண்டு முறையாவது ஒரு கதை வேளை வையுங்கள். எழுத்தே வேண்டாம். பாட்டிமார்கள் கதை சொல்லட்டும், பிள்ளைகள் மண்ணிலும் கூழாங்கல்லிலும் விளையாடட்டும், இளம் தாய்மார்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மன்றத்து மாடியில் ஒரு பாய் விரித்தால் போதும். இரண்டாவது, விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது கோயிலுக்குப் போகிறோம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறோம். அப்படியே அந்த ஊர் அங்கன்வாடிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா, படப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்ததைச் செய்யுங்கள். ஊராட்சியிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

அடுத்த ஜாத்திரைக்குப் போகும்போது தமிழ்ப் படக்கதைகள் கொஞ்சமும் தெலுங்குப் படக்கதைகள் கொஞ்சமும் வாங்கிப் போவதாக அந்த டீச்சரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "ரெண்டும் ஒரே கதையா இருந்தா ரொம்ப நல்லது சார், பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுவேன்" என்றார். அப்படிப்பட்ட புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள், நான் எடுத்துப் போகிறேன்.